குடும்ப நேரமும் ஒரு புளியமரமும்

சென்னையில் குடும்பத்தோடு போய்க் குளிக்கத் தக்க பொது நீச்சல் குளங்கள் இன்றைக்கும் ஜாஸ்தி கிடையாது. எண்பதுகளில் இன்னும் கம்மி. அந்தக் கம்மியில் ஒன்றில், ஞாயிறு மாலைக் குடும்ப நேரத்தில், புடவையோடு தண்ணீரில் இறங்கிய பெண்களைப் பார்த்து விசில் ஊதுவதை நிறுத்திய முதல் காவலர் என்ற பெருமை எலவனாசூர்கோட்டை கொளஞ்சியப்பனுக்கு உண்டு. அவருக்குப் பணி ஓய்வு விழா எடுத்தபோது பேசிய ஊழியர் சங்கத் தலைவர், இது பெண்ணுரிமைப் பணி என்று மைக்கில் சொன்னார். கொளஞ்சியப்பன் கழுத்தில் மாலையோடு தரையைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தார். அடக்கம் என்று எல்லோரும் நினைத்தார்கள். அது குற்ற உணர்ச்சி. பார்வைக்கு இரண்டும் ஒன்றுபோலத்தான் இருக்கும்.

கொளஞ்சியப்பன் நீந்தக் கற்றது தன் நிலத்துக் கிணற்றில். அது வட்டக் கிணறு. வட்டக் கிணற்றில் நீந்திப் பழகியவருக்கு நேராகப் போக வராது. சுற்றிச் சுற்றித்தான் வருவார். குளத்தில் வேலை கேட்டு வந்த அன்று, நீந்திக் காட்டச் சொன்ன அதிகாரி கரையில் நின்றார். இவர் ஆழமான மூலையில் குதித்து, அந்த மூலையிலேயே மாடு செக்கைச் சுற்றுவதுபோலச் சுற்றினார்.

"எதிர்க்கரைக்குப் போப்பா" என்றார் அதிகாரி.

"அங்க இன்னாங்க இருக்குது?" என்று தண்ணீருக்குள்ளிருந்தே கேட்டார் கொளஞ்சியப்பன்.

 அதிகாரி கோபத்தில் கையை வீசியதில் அவருடைய சாவிக்கொத்து குளத்துக்குள் போயிற்று. கிணற்றில் விழுந்த குடங்களை எடுத்துக் கொடுத்தே ஊரில் பேர் வாங்கியவர் இவர். சாவி அடியைத் தொடுவதற்குள் அதைக் கையில் பிடித்துக்கொண்டு மேலே வந்தார். வேலை கிடைத்தது. காக்கிச் சட்டையும் ஒரு விசிலும் கிடைத்தன. மனைவி பாப்பாத்தி ஊரில் நிலத்தைப் பார்த்துக்கொண்டாள். இவர் மாதம் ஒருமுறை போய் அவள் நிலத்தை எப்படிப் பார்க்க வேண்டும் என்று சொல்லிவிட்டு வந்தார்.

குளத்துக்குச் சில சட்டங்கள் இருந்தன. வாசல் பலகையில் எழுதியிருந்தவை கொஞ்சம். கொளஞ்சியப்பனின் மனதில் எழுதியிருந்தவை மீதி. பலகையில் 'சுத்தமான உடையில் வரவும்' என்றுதான் இருந்தது. ஆனால் புடவை இறங்கினால் அதன் நூலும் ஜரிகையும் தண்ணீரோடு போய் பில்டரில் சிக்கும். பில்டரைக் கழுவுவது கொளஞ்சியப்பனின் வேலை. அதனால் புடவை கூடாது என்பது சட்டமாயிற்று. சட்டங்கள் பொதுவாக இப்படித்தான் பிறக்கின்றன என்றாலும், இவ்வளவு பக்கத்தில் நின்று ஒன்றின் பிறப்பைப் பார்க்கக் கிடைப்பது அபூர்வம்.

ஞாயிறுதோறும் தவறாமல் வந்தவர்கள் காஜா மைதீன் குடும்பத்தார். காஜா மைதீனுக்குப் பூர்வீகம் கள்ளக்குறிச்சி. சென்னையில் பெட்டிக்கடை அளவில் தொடங்கி, சூட்கேஸ் கடை அளவுக்கு வந்திருந்தார். அவரும் நான்கு வயது மகளும் தண்ணீரில் கூத்தடிப்பார்கள். மனைவி பாயிஸா புடவைத் தலைப்பால் தலையை மூடிக்கொண்டு கரையில் உட்கார்ந்திருப்பாள். சில சமயம் பாதத்தை மட்டும் தண்ணீரில் வைப்பாள். விசில் வரும். பாதத்தை எடுத்துக்கொள்வாள்.

"அண்ணே, காலு நனைஞ்சா கொளம் கொறைஞ்சிடுமா?" என்று ஒருநாள் காஜா மைதீன் கேட்டார்.

"ரூல்ஸு பாய். நானா போட்டேன்?" என்றார் கொளஞ்சியப்பன். தானே போட்டதை நானா போட்டேன் என்று கேட்கும்போது அவர் முகத்தில் ஒரு சுருக்கமும் விழவில்லை. அந்த வருடம் சென்னையே குடத்தைத் தூக்கிக்கொண்டு லாரிக்குப் பின்னால் ஓடியது. அடியில் உப்பு ஊற்று இருந்த புண்ணியத்தில் குளத்தில் மட்டும் தண்ணீர் தளும்பியது. தளும்பிய தண்ணீரைப் பார்த்தபடி பாயிஸா உட்கார்ந்திருந்தாள்.

அது எண்பத்தேழாம் வருடம். செப்டம்பரில் இட ஒதுக்கீடு கேட்டுச் சாலை மறியல் என்று அறிவிப்பு வந்தது. கொளஞ்சியப்பன் அப்போது மல்லாட்டைக்குக் களை எடுப்பதற்காக லீவில் ஊரில் இருந்தார். மல்லாட்டை என்று அந்தப் பக்கத்தில் சொல்வது வேர்க்கடலையை. சாலையில் மரம் போட வீட்டுக்கு ஓர் ஆள் அரிவாளோ கோடாலியோ எடுத்துக்கொண்டு வர வேண்டும் என்று தெருவில் முடிவாயிற்று. முன்னின்றவர் சடையன். அவருடைய மகன் படித்துவிட்டு மூன்றாவது வருடமாக வீட்டில் இருந்தான். அவர் கோடாலியைத் தீட்டிய விதத்தில் அது தெரிந்தது.

"ரோட்டோரம் அந்த வேப்பங்கன்னு இருக்குதே, அத சாச்சிப் போடலாம்" என்றார் சடையன். "அவசரம் ஆத்திரம்னா நாலு பேரு தூக்கி ஓரமாப் போட்டுட்டு வண்டிய வுட்டுடலாம்."

"வேம்பா?" என்று கொளஞ்சியப்பன் சிரித்தார். "போராட்டம்னா போராட்டமா இருக்கணும் மாமா. கன்னுக்குட்டிய கட்டற முளக்குச்சியா போடுவாங்க ரோட்ல? அதோ அந்தப் புளியமரத்தப் போடு. மெட்ராஸ்ல கவருமெண்டு ஆபீஸ்ல இருக்கறவன் நானு. எனக்குத் தெரியும், கவருமெண்டு எதுக்கு பயப்படும்னு."

அரசாங்கம் பயப்படும் அந்தப் புளியமரம் சேலம் சாலையில், கொளஞ்சியப்பனின் நிலத்தை ஒட்டி நின்றது. அதன் நிழல் தினமும் காலையிலிருந்து நடுப்பகல் வரை அவருடைய மல்லாட்டைக் கொல்லையில் கால் பங்கைப் பாய் விரித்ததுபோல மூடும். நிழலில் செடி வரும், கொடி வரும், காய் மட்டும் வராது. நெடுஞ்சாலை மரம், தொட்டால் கேஸ். அந்த மரத்தை அவர் பல வருடங்களாக எரிக்கும் கண்ணோடு பார்த்து வந்திருந்தார். இப்போது பொதுக்காரியம் ஒன்று கோடாலியோடு வாசலில் வந்து நின்றது. முதல் வெட்டை அவரே வெட்டினார். நாள் முழுக்க வெட்டினார். மரம் சாலைக்குக் குறுக்கே விழுந்தபோது போட்ட கோஷத்தில் அவர் குரல்தான் உரக்கக் கேட்டது. கொல்லை முழுவதும் வெயில் பளீரென்று விழுந்தது.

மறுநாள் சாயங்காலம், விழுந்த மரத்தின் மேல் ஏறி உட்கார்ந்து அவர் தன் வெயிலைப் பார்த்துக்கொண்டிருந்தார். உளுந்தூர்பேட்டைப் பக்கமிருந்து ஓர் அம்பாசிடர் வாடகைக் கார் வந்து நின்றது. டிரைவர் மரத்தைப் பார்த்தார். இறங்கிப் பெட்டிகளைச் சாலையில் வைத்தார். காரைத் திருப்பிக்கொண்டு வந்த வழியே போய்விட்டார். பெட்டிகளோடு நின்ற மனிதர் நிமிர்ந்து பார்த்தார்.

"கொளஞ்சியண்ணே! நீங்களா?"

காஜா மைதீன். பக்கத்தில் பாயிஸா. அவள் இடுப்பில் மகள்.

கொளஞ்சியப்பன் மரத்திலிருந்து இறங்கிய வேகத்தில் வேட்டி ஒரு கிளையில் மாட்டிக்கொண்டது. விடுவித்துக்கொண்டு வந்தார்.

"இன்னா பாய், இந்த நேரத்துல?"

"எம் மச்சினிச்சி அத்தியாவுக்கு நாளைக்குக் காலைல நிக்காஹ் அண்ணே, கள்ளக்குறிச்சில. எப்படியாவது போயிடலாம்னு கெளம்பிட்டோம். எல்லா மரத்தையும் ஓரமா ஒதுங்கி ஒதுங்கித் தாண்டிட்டோம். இது ஒண்ணுதான் இம்மாம் பெரிசு."

"அத்தியாவ வளத்ததே நான்தான்ணே" என்றாள் பாயிஸா. அவள் கொளஞ்சியப்பனிடம் நேராகப் பேசியது அதுதான் முதல் தடவை. "எங்கம்மா இல்ல. சம்மதம் கேக்க வரும்போது அக்கா பக்கத்துல உக்காந்திருக்கணும், இல்லன்னா வாயத் தொறக்க மாட்டேன்னு சொல்லியிருக்கா."

கொளஞ்சியப்பன் மரத்தைப் பார்த்தார். அது அவரைப் பார்ப்பதுபோல இருந்தது.

"இது ஒங்க நியாயமான போராட்டம்ணே" என்று காஜா மைதீன் அவர் தோளைத் தொட்டார். "புள்ளைங்க படிப்புக்கு, வேலைக்குக் கேக்கறிங்க. அதுக்கு ஒரு மரம் வுழுந்தா நாங்க நடந்து போனா போச்சி. இதுல ஒங்கள சொல்றதுக்கு என்னா இருக்குது?"

திட்டியிருந்தால் கொளஞ்சியப்பன் திருப்பித் திட்டியிருப்பார். அதில் அவருக்கு நல்ல பயிற்சி உண்டு. நியாயம் என்ற சொல்லைத் திருப்பித் திட்ட முடியாது. இருட்டப் போகிறது, குழந்தையை வைத்துக்கொண்டு நடக்க வேண்டாம், விடியலில் நானே சைக்கிளில் கொண்டுபோய் விடுகிறேன் என்று சொல்லி, பெட்டிகளை இரண்டு தோளிலும் ஏற்றிக்கொண்டு வீட்டுக்கு நடந்தார். காஜா மைதீன் ஒரு பெட்டியையாவது தரச் சொல்லிக் கெஞ்சினார். கொளஞ்சியப்பன் தரவில்லை. கனம் அவருக்குத் தேவையாக இருந்தது.

வீட்டில் பாப்பாத்தி ஒரு கோழியைப் பிடித்து காஜா மைதீனிடம் நீட்டினாள். "நீங்களே அறுத்துக் குடுத்துடுங்க பாய், ஒங்க மொறப்படி. அப்பதான் நிம்மதியா துன்னுவிங்க." பிறகு பாயிஸாவைப் பார்த்து, "வழியெல்லாம் புழுதி. வாம்மா, பொழுது இருக்கும்போதே கெணத்துல ஒரு முழுக்குப் போட்டுட்டு வந்துடலாம்" என்றாள்.

ஆண்கள் யாரும் அந்தப் பக்கம் வராமல் பார்த்துக்கொள்ள வரப்பில் முதுகைக் காட்டி நிற்கும்படி கொளஞ்சியப்பனுக்கு உத்தரவு. உத்தியோக வாழ்க்கையில் அவர் தண்ணீருக்கு முதுகைக் காட்டிக் காவல் காத்தது அன்று ஒருநாள்தான். பின்னால் பாப்பாத்தி புடவையைக் கச்சம் கட்டிக்கொண்டு மேட்டிலிருந்து குதித்த சத்தம் கேட்டது. அப்புறம் பேச்சு கேட்டது.

"எறங்கு பாயிஸா. முதுவுல சொரக்குடுக்கைய கட்டியிருக்குதே, முழுவ மாட்ட. மெட்ராஸ்ல அவ்ளோ பெரிய கொளத்துக்கு வாரா வாரம் போறியாமே, நீச்ச தெரியாதா?"

"நான் எறங்கினதே இல்லக்கா. கரையில உக்காந்திருப்பேன்."

"ஏன்?"

"புடவைல எறங்கக்கூடாதுன்னு அண்ணன் விசில் ஊதுவாரு."

 கிணறே எதிரொலிக்கும்படி பாப்பாத்தி கேட்டாள்.

"யோவ்! நான் இப்ப இன்னா கோட்டு சூட்டு மாட்டிக்கினா குதிச்சேன்?"

கொளஞ்சியப்பன் திரும்பாமல், எதிரே இருந்த தன் மல்லாட்டைக் கொல்லையிடம், "அது வேற, இது வேற" என்றார்.

"இன்னாய்யா வேற? தண்ணி வேறயா, புடவை வேறயா?"

 அதன்பின் ஒரு புது அலறல் கேட்டது, அலறல் சிரிப்பாக மாறியது, "வுட்டுடாதிங்கக்கா, வுட்டுடாதிங்க… அய்யோ நான் மெதக்கறேன்!" என்று பாயிஸா கத்தினாள். அது நல்ல செய்தி. கேட்டவர் மட்டும் வரப்புப் புல்லைப் பிடுங்கிக்கொண்டிருந்தார்.

கோழிக்குழம்பு கொதித்துக்கொண்டிருந்தபோது அவர் நைசாக சடையன் வீட்டுக்குப் போனார்.

"மாமா, மரத்த நடுவுல ஒரு துண்டு அறுத்து எடுத்துடலாமா? ஒரு கல்யாண வூட்டு ஜனம் மாட்டிக்கினு நிக்குது. உளுந்தூர்பேட்டைல சொல்லி வேற கார் புடிச்சிடலாம்."

சடையன் அவரை ஏற இறங்கப் பார்த்தார். "கல்யாணம், சாவு, பிரசவம்னா வுட வேண்டியதுதான். நான் மாட்டேன்னா சொல்றேன்? அதுக்குத்தான வேப்பங்கன்னப் போடலாம்னேன்? நீதான் நின்ன, புளியமரமே வேணும்னு. அது இடுப்பு ரெண்டு ஆளு கட்டிப் புடிக்கிற இடுப்பு. அத அறுத்து முடிக்கறதுக்குள்ள பொண்ணுக்கு வளகாப்பு வந்துடும்." கொஞ்சம் யோசித்துவிட்டு, "எஞ் சைக்கிளையும் எடுத்துக்கினு போ" என்றார். பிறகு, "ஆனாலும் மரம்னா அது மரம் கொளஞ்சி. எம் மவனுக்கு ஒரு வேல கெடச்சா அதுல ஒனக்கும் பங்கு இருக்குது" என்று தட்டிக்கொடுத்து அனுப்பினார்.

இந்த வாக்கியத்தைக் கொளஞ்சியப்பன் வீடு வரை சுமந்துகொண்டு வந்தார். பெட்டிகள் தேவலாம்போல இருந்தது.

விடிவதற்கு முன் இரண்டு சைக்கிள்கள் கிளம்பின. கொளஞ்சியப்பனின் சைக்கிளில் பின்னால் பாயிஸா, அவள் மடியில் மகள். சடையனின் சைக்கிளில் காஜா மைதீனும் பெட்டிகளும். புளியமரத்தைத் தாண்ட சைக்கிளைத் தலைக்கு மேல் தூக்க வேண்டியிருந்தது. அதற்கப்புறமும் மரங்கள் இருந்தன. ஆனால் எல்லாம் ஓரத்தில் வழி விட்டவை. தியாகதுருகத்துக்கு இந்தப் பக்கம் சாலை முழுக்க, அன்று ராத்திரி புதிதாக வெட்டிப் பரப்பிய கருவேல முள் கிடந்தது. முதலில் சடையனின் டயர் போயிற்று. இரக்கப்பட்டதுபோலக் கொஞ்ச தூரத்தில் இவருடையதும் போயிற்று. பஞ்சர் கடைக்காரரும் போராட்டத்தில் இருந்தார். தள்ளிக்கொண்டே நடந்தார்கள். குழந்தையைக் கொளஞ்சியப்பன் தோளில் வைத்துக்கொண்டார். வெயில் ஏறியது.

"நேத்து கார் தாண்டியிருந்தா ராத்திரியே போயிருப்போம்" என்றாள் பாயிஸா ஒரே ஒரு தடவை. அது யாரையும் பார்த்துச் சொன்னதில்லை. உடனே காஜா மைதீன், "கொளஞ்சியண்ணன் இல்லன்னா இதுவும் இல்ல பாயிஸா" என்றார். கொளஞ்சியப்பன் வேகமாக நடந்தார். நன்றி சொல்பவர்களிடமிருந்து தப்பிக்க முன்னால் நடப்பதைத் தவிர வேறு வழி அவருக்குத் தெரியவில்லை.

கள்ளக்குறிச்சியில் கல்யாண வீட்டுச் சந்தில் நுழைந்தபோது பிரியாணித் தேக்சாக்கள் திறந்திருந்தன. பந்தலில் ஆட்கள் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். நிக்காஹ் முடிந்துவிட்டது என்று யாரும் சொல்லத் தேவைப்படவில்லை. உள்ளேயிருந்து புதுப்பெண் அத்தியா ஓடிவந்து அக்காவின் கழுத்தைக் கட்டிக்கொண்டாள்.

"எவ்ளோ நேரம்தான்க்கா வாயத் தொறக்காம இருப்பேன்? ரெண்டு தடவ வந்து கேட்டாங்க, ரெண்டு தடவையும் அழுதேன். நிக்காஹ் நடத்தி வெக்கற அஜரத்துக்கு இன்னொரு நிக்காஹ்வுக்கு நடந்து போவணும்னாங்க. மாப்ள வூட்டுக்காரங்க பொழுது சாயறதுக்குள்ள நடந்து ஊரு போயி சேரணுமாம். மூணாவது தடவ வந்தப்ப பக்கத்து வூட்டுச் சாச்சி கையப் புடிச்சிக்கினு சரின்னுட்டேன். இப்பதான்க்கா. கொஞ்சம் முன்னாடிதான்."

பாயிஸா தங்கையின் பூச்சரத்தைச் சரிசெய்தாள். சரியாக இருந்த சரத்தை மறுபடி மறுபடி சரிசெய்தாள்.

கொளஞ்சியப்பன் நழுவப் பார்த்தார். காஜா மைதீன் விடவில்லை. ராத்திரி வீட்டில் வைத்துக் கோழி அடித்துச் சோறு போட்டு, முள்ளில் நடத்திக் கூட்டிவந்த புண்ணியவான் என்று பந்தல் முழுக்கச் சொல்லி, அவரை நடுவில் உட்கார வைத்தார். பெண்ணின் பெரியப்பா தன் கையாலேயே பிரியாணியும் தால்சாவும் பரிமாறினார்.

"அய்யா, அந்த மரத்த வெட்டினதே நான்தாங்க" என்றார் கொளஞ்சியப்பன்.

"ஊரு பூரா வெட்டறாங்க, நீங்க மட்டும் சும்மா இருக்க முடியுமா? சாப்பிடுங்க. எலும்புத் துண்டு வெக்கட்டுமா, சதையா?"

"இல்லிங்க, நான் சொல்ல வர்றது…"

"ரெண்டும் வெக்கறேன்."

ஒரு மனிதன் குற்றத்தை ஒப்புக்கொள்ளக் கல்யாணப் பந்தலைவிட மோசமான இடம் கிடையாது. இலையைப் பாதியில் மூடிவிட்டு கை கழுவப் பின்பக்கம் போனார். பாயிஸா அங்கே செம்போடு நின்று வருகிறவர்களுக்குக் கையில் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தாள்.

"தங்கச்சி. அந்தப் புளியமரத்த நான் போராட்டத்துக்கு வெட்டல."

அவள் நிமிர்ந்து பார்த்தாள்.

"அதும் நெழலு எம் மல்லாட்டை மேல வுழுந்துச்சி. அதுக்கு வெட்னேன். சடையன் மாமா வேப்பங்கன்னத்தான் சொன்னாரு. அத நாலு பேரு தூக்கிப் போட்டிருப்பாங்க. ஒங்க காரு போயிருக்கும்."

செம்பிலிருந்து தண்ணீர் அவர் கையில் விழுந்துகொண்டே இருந்தது. ஆரம்பித்தவருக்கு நிறுத்தத் தெரியவில்லை.

"கொளத்துல புடவை கூடாதுன்றதும் நான் வெச்சதுதான். பில்டரு கழுவ சோம்பல்பட்டுக்கினு."

"அது தெரியும்ணே" என்றாள் பாயிஸா. "எனக்குப் படிக்கத் தெரியும். பலகைல அப்படி ஒண்ணும் எழுதல."

"தெரிஞ்சா ஏம்மா கேக்கல?"

"கேட்டா, அடுத்த ஞாயித்துக்கெழம டிக்கெட் தீந்துபோச்சின்னு வாசல்லயே நிறுத்திடுவிங்க. உக்காந்து பாக்கறதாவது கெடைக்கட்டும்னு இருந்தேன்." செம்பைக் கீழே வைத்தாள். "மரந்தான் எனக்குத் தெரியாமப் போச்சி."

உள்ளே யாரோ கூப்பிட்டார்கள். அவள் போய்விட்டாள்.  

பஞ்சரான சைக்கிள்கள் இரண்டையும், ஒன்றைக் கொஞ்ச தூரம் தள்ளி நிறுத்திவிட்டு மற்றதற்குத் திரும்பி வந்து, கொளஞ்சியப்பன் வந்த வழியே போனார். வழியில் விழுந்துகிடந்த ஒவ்வொரு மரத்துக்கும் பக்கத்தில் நின்றார். மரத்தைப் பார்க்கவில்லை, அதை ஒட்டியிருந்த நிலத்தை எட்டிப் பார்த்தார். எங்காவது ஒரு கொல்லையில் மல்லாட்டையோ எள்ளோ உளுந்தோ இருந்து, அதன் மேல் புதிதாக வெயில் விழுந்திருந்தால் போதும். தன்னைப் போல ஒருவராவது இந்தச் சாலையில் உண்டு என்று நிம்மதியாக வீட்டுக்குப் போய்விடலாம்.

ஒரு மரத்துக்குப் பக்கத்தில் ஏரிப் புறம்போக்கு. ஒன்றுக்குப் பக்கத்தில் சுடுகாடு. ஒன்று பள்ளிக்கூடத்துக்கு எதிரே கிடந்தது. மற்றதெல்லாம் அந்த வருடம் மழையில்லாமல் உழாமல் கிடந்த கரம்பு. எலவனாசூர்கோட்டை வரைக்கும் பார்த்துவிட்டார். பயிரை ஒட்டி விழுந்திருந்த மரம் அவருடையது ஒன்றுதான்.